சாமிக்கு விளங்குகிற மாதிரி இயற்பியல்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாததுமாகப் பாபநாசம் கோயில் வாசலில் ஒரு வாடகை வேனிலிருந்து இறங்கினோம். தாமிரபரணிக் கரையோரமாக, மலையடியில் ஆரம்பித்துக் கடல் பக்கம் வரை ஒன்பது சிவன் கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கிரகத்துக்கு உரியது என்பார்கள். நவகைலாயம் என்று பெயர். ஒரே நாளில் ஒன்பதையும் வரிசையாகக் கும்பிட்டு முடிப்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் வழக்கம். பக்திக்காகப் போகிறவர்கள் உண்டு, கட்டுச்சோற்றுக்காகப் போகிறவர்கள் உண்டு. நான் அன்று குற்றம் சாட்டப்பட்டவனாகப் போயிருந்தேன்.

என்மேல் இருந்த குற்றச்சாட்டு இதுதான்: என் அக்காள் மகளை, அதாவது என் மருமகளைக் கெடுத்துவிட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அதை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள், அதையும் கொடுத்தேன். எனக்கு வேலை இன்சூரன்ஸ் அலுவலகத்தில். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது உபதொழில். நூலகங்களில் சார்பியல் கொள்கையைப் பற்றிக் கூட்டம் பேசுவது வியாதி. என் கூட்டங்களில் நன்றியுரை தொடங்கியதும் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். இந்த வியாதி எனக்கு வெறும் அரிப்பாக நின்றுவிட்டது, அவளுக்குக் காய்ச்சலாகவே வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. பிரபஞ்சத்தில் நிறைந்திருக்கிற, ஆனால் எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத இருட்டுப் பொருள் என்ன என்று தேடுகிற வேலை. 'வருகிறேன்' என்று இணையத்தில் சொல்ல அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் கடைசி.

சொல்ல வேண்டியவள் அவள். அனுமதிக்க வேண்டியவர் என் அத்தான், அவள் அப்பா. அத்தான் அலுவலகத்தில் ஒரு தும்மல் போட்டால் மாடிவரை எழுந்து நிற்கும். ஆனால் வீட்டில் அவருடைய அக்காள் முன்னால் அவர் இன்னும் டிரவுசர் போட்ட பையன்தான். அவரை வளர்த்ததே அந்த அக்காள்தான். நாங்கள் எல்லோரும் மதினி என்று கூப்பிடுவோம். ஏரலில் வாழைக்காய் மண்டி நடத்துகிறவர். கணவர் காலமான மறுமாதமே மண்டியில் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ மனை வாங்குவதோ, மதினி சரி என்று சொல்லாமல் நடந்ததில்லை.

மதினி சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. ராதாபுரத்தில் ஒரு வரன் இருப்பதாக மட்டும் சொல்லியிருந்தார். பையன் ஆசிரியர், நல்ல குடும்பம். பிறகு, "நவகைலாயம் போவோம். கடைசிக் கோயில்ல பூக்கட்டிப் பாத்து முடிவு செய்வோம்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்காக: ஒரு இலைத்துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். மனதில் உள்ளதைக் கேட்டுவிட்டு யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அப்பீல் கிடையாது.

பாபநாசத்தில் சூரியனுக்குரிய சாமியைக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறியதும் மதினி என் பக்கம் திரும்பினார்.

"இவ என்ன படிக்கப் போறான்னு எனக்கு வெளங்கணும். நீருதான பிள்ளையைக் கெடுத்தது, நீரே சொல்லும்."

"பூதான் கேட்கப் போறோமே மதினி, அப்புறம் என்னத்துக்கு..." என்று இழுத்தேன்.

"என்ன கேக்கோம்னு எனக்கே வெளங்கலைன்னா சாமிகிட்ட என்னன்னு கேப்பேன்? 'எம் மருமவ என்னமோ படிக்கப் போறாளாம், அனுப்பட்டுமா'ன்னா? சாமி என்னத்தக் கண்டாரு? ஒருதடவ லாரி வாங்கட்டுமான்னு கேட்டேன். வெள்ளை வந்துது, வாங்கினேன். லாரி இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. டிரைவருதான் ஒரு லோடு வாழைத்தாரைக் கேரளாவுல வித்துட்டு, லாரியைச் செங்கோட்டையில நிப்பாட்டிட்டு ஓடிப் போயிட்டான். நான் டிரைவரைப் பத்திக் கேக்கலியே. சாமியக் குத்தம் சொல்ல முடியுமா?"

வேன் டிரைவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆக விஷயம் இதுதான். கடைசிக் கோயில் வருவதற்குள் மதினிக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் அவர் பூவே கட்டமாட்டார், ராதாபுரத்துக்குத்தான் போன் போடுவார். அண்டம் தோன்றிய கதையை அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் சொல்லியாக வேண்டிய நிலைமை வேறு எந்தப் பேச்சாளருக்கும் வந்திருக்காது.

நான் சார்பியலில் ஆரம்பித்தேன். எனக்கு அதில்தான் ஆரம்பிக்கத் தெரியும். வேகமாகப் போகிறவர்களுக்கு நேரம் மெதுவாகப் போகும், வெளிச்சத்தின் வேகத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டியில் போய்விட்டுத் திரும்பினால் ஊரில் இருக்கிற தம்பி கிழவனாகியிருப்பான், போனவன் இளமையாகவே இருப்பான் என்றேன். மதினி அத்தானை ஒரு பார்வை பார்த்தார். தம்பி கிழவனாவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

"அப்ப டிரைவர் வேலை பாக்கவனெல்லாம் இளமையா இருக்கணும்லா?" என்றார்.

"எனக்கு நாப்பத்தஞ்சும்மா" என்றார் டிரைவர், திரும்பாமலே. "பாக்கிறவங்க அறுபதுங்கிறாங்க."

இந்த வேனின் வேகத்துக்கு ஆயுள் முழுவதும் ஓட்டினாலும் மிச்சமாவது கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒரு துளிகூட இல்லை, அவ்வளவு சின்ன வித்தியாசம் என்று விளக்கினேன். "அதுக்கு இவ்வளவு டீசலா அண்ணாச்சி?" என்றார் டிரைவர். வேன் முழுக்கச் சிரித்தது. சார்பியல் கொள்கை சேரன்மகாதேவிக்கு மேற்கே அத்தோடு முடிந்தது.

அடுத்து துகள்களைப் பிடித்தேன். சூரியனிலிருந்து நியூட்ரினோ என்ற துகள் புறப்பட்டு வருகிறது, இந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் நகம் வழியாக மட்டும் கோடிக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். கூட்டங்களில் இந்த இடத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் தங்கள் நகத்தைப் பார்ப்பார்கள். மதினியும் பார்த்தார்.

"போய் என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது மதினி. ஊடுருவிப் போயிரும்."

"ஒண்ணுமே செய்யாததுக்கு எதுக்குப் பேரு வச்சிருக்கு?"

என் அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் செய்யாமலே பேர் வைத்துக்கொண்டிருக்கிற வேறு சிலரும் அவள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் சன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறப்பநாட்டில் ஆற்றங்கரை மரத்தடியில் மதியச் சாப்பாடு. புளியோதரையும் தயிர்சாதமும் உள்ளே போனதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கூட்டங்களில் என்னுடைய பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு. வேனிலிருந்து ஒரு போர்வையை எடுத்து, அத்தான், அக்காள், டிரைவர், மருமகள் நாலு பேரையும் நாலு மூலையில் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். இதுதான் வெளி என்றேன். நடுவில் அர்ச்சனைத் தேங்காயை வைத்தேன். இது சூரியன். போர்வை குழிந்தது. கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை ஓரத்தில் உருட்டிவிட்டேன். அது வளைந்து வளைந்து போய்த் தேங்காயின்மேல் மோதியது. "பாத்தீங்களா? சூரியன் கயிறு கட்டி இழுக்கல. வெளி வளைஞ்சிருக்கு, பூமி அந்த வளைவுல ஓடுது. இதுதான் ஈர்ப்பு."

மதினி குனிந்து போர்வைக்கு அடியில் பார்த்தார்.

"சரி, தேங்காய் எதுக்கு அமுங்குது?"

"கனமா இருக்குல்லா, அதனால."

"கனம்னா கீழ இருந்து பூமி இழுக்குதுன்னுதான அர்த்தம். இழுக்கிறது எதனாலன்னு கேட்டா, இழுக்கிறதை வச்சே சொல்லுதீரு."

நூலகக் கூட்டங்களில் எத்தனையோ பேருக்கு முன்னால் அந்தப் போர்வையை விரித்திருக்கிறேன். ஒருவர்கூட அடியில் குனிந்து பார்த்ததில்லை. அத்தான் தன் மூலையை விட்டுவிட்டார். தேங்காய் உருண்டு ஆற்றுப் பக்கம் போனது. டிரைவர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தாள். "மாமா, அந்தப் போர்வை உதாரணம் வேண்டாம். அதுல அந்தச் சிக்கல் இருக்கு" என்றாள் மெதுவாக.

"அப்ப நீ சொல்லேன்ட்டி" என்றார் மதினி. "காலையில இருந்து வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி இருக்கே. படிக்கப் போறது நீயா, அவரா?"

அவள் தொடங்கினாள். தொடங்கியதும் நிறுத்தினாள். "நட்சத்திரக் கூட்டம் சுத்துது அத்தை... இல்லை, சுத்துதுன்னா எல்லாம் ஒண்ணுபோலச் சுத்தாது... அப்படிச் சொன்னாலும் முழுசாச் சரியில்லை..." ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியிலேயே அவளே திருத்தினாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம், அதனால் தைரியமாகத் தப்புச் சொன்னேன். அவளுக்கு நிறையத் தெரியும், அதனால் எதையும் சொல்ல முடியவில்லை. அத்தை முன்னால் பேசிப் பழக்கமும் இல்லை. முகம் சிவந்து, பேச்சு நின்றே போனது.

மதினி கை கழுவிவிட்டு எழுந்தார். "சரி, கிளம்புங்க. ராதாபுரத்துக்காரங்களை அடுத்த வாரம் வரச் சொல்லுவோம்" என்று அத்தானிடம் சொன்னார். அத்தான் தலையாட்டினார். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆட்டினார், ஆனால் ஆட்டினார்.

வேனில் ஏறினோம். மருமகள் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஆசையைக் காட்டியது நான்தான். அதற்காக வாதாட வேண்டிய நாளில், மூன்று வாதம் வைத்து மூன்றிலும் தோற்றிருந்தேன்.

ஸ்ரீவைகுண்டம் கும்பிட்டு, அடுத்த கோயிலுக்குப் போகிற வழியில் ஓர் ஊரில் வேன் நின்றுவிட்டது. அங்கே அன்றைக்குத் தேரோட்டம். காலையில் வடம் பிடித்த தேர் மதியத்துக்கு மேல்தான் கடைசி வீதிக்கு வந்திருக்கிறது. போலீஸ்காரர் எங்களை ஒரு சந்தில் ஒதுக்கி நிறுத்தினார். கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் ஏசி இரைச்சலில் மேளச் சத்தம்கூட எட்டவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை ஓட்டு வீடுகள். அந்த ஓடுகளுக்கு மேலே, வண்ணத் துணிகளும் கலசமுமாகத் தேரின் உச்சி மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நின்றது, லேசாகச் சாய்ந்தது, மறுபடி நகர்ந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசி சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அத்தை, தேரு எப்படிப் போகுது?"

"எப்படிப் போகும்? ஆளுக இழுக்கு."

"ஆளைப் பாத்தீங்களா?"

"வீடு மறைக்குதுல்லா?"

"பாக்காம எப்படித் தெரியும்?"

"ஏட்டி, அவ்வளவு பெரிய தேரு தானா போகுமா? ஒரு தெரு ஆளு வடம் பிடிச்சாத்தான் அந்த வேகம் வரும்."

மருமகள் எழுந்து முன்னால் வந்தாள். வேன் நின்றுகொண்டிருந்ததால் நடுவில் நின்றபடியே பேசினாள். "அதேதான் அத்தை. நட்சத்திரக் கூட்டத்துல ஓரத்துல இருக்கிற நட்சத்திரமெல்லாம் ரொம்ப வேகமாச் சுத்துது. அந்த வேகத்துக்கு அதெல்லாம் பிய்ச்சுக்கிட்டு வெளிய போயிருக்கணும். போகல. ஏதோ உள்பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரம், வாயு, தூசி எல்லாத்தையும் கூட்டினாலும் அந்த இழுவை காணாது. தேர் உச்சி தெரியுது, இழுக்கிற ஆள் தெரியல. அந்த ஆள் யாருன்னு பாக்கதுதான் என் வேலை."

சொல்லி முடித்ததும் அவள் நெற்றி சுருங்கியது. இந்த உதாரணத்திலும் எங்கேயோ இடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேரை இழுப்பதும் நட்சத்திரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் ஒன்றல்ல. திருத்தப் போகிறாள், முடிந்தது கதை என்று நினைத்தேன். அவள் திருத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அத்தை முகத்தையே பார்த்தாள்.

மதினி ஓட்டுக்கு மேலே நகர்கிற கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை ஆளு இருக்கும்?"

"தெரியுறது ஒருத்தர்னா தெரியாதது அஞ்சு பேரு. கிட்டத்தட்ட."

"அஞ்சா?"

"ஆமா அத்தை. நாம, பூமி, சூரியன், நட்சத்திரமெல்லாம் சேந்து அந்த ஒருத்தர்தான்."

"வெளிச்சம் அடிச்சுப் பாக்கக் கூடாதா?"

"வெளிச்சம் அதும்மேல படாது. உள்ள புகுந்து அந்தப்பக்கம் போயிரும். கை வச்சாலும் அப்படித்தான்."

"பேயைத்தானட்டி அப்படிச் சொல்லுவாங்க?"

"பேயை யாரும் எடை போட்டதில்லை அத்தை. இதை எடை போட்டாச்சு."

அத்தான் தொண்டையைக் கனைத்தார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி அது. "ஏம்மா, அந்த அஞ்சு பேரும் இங்கனயும் இருக்காங்களா?" இருக்கிறார்கள், இந்த வேனுக்குள்ளும் இருக்கிறார்கள் என்றாள். டிரைவர் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஆள் அதிகமானால் பெர்மிட் பிரச்சினை வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

மதினி மறுபடி ஓட்டுக்கு மேலே பார்த்தார். பிறகு, எந்தக் கூட்டத்திலும் என்னை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"தேருக்குள்ள மோட்டார் வச்சிருந்தா?"

மருமகள் விழித்தாள்.

"ஆள் இல்லவே இல்லன்னு வையி. தேரு ஓடுற விதமே வேற. நாமதான் ஆளு இழுத்தாத்தான் ஓடும்னு நினைச்சுக்கிட்டு இல்லாத ஆளைத் தேடிக்கிட்டிருக்கோம். அப்ப?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "அப்படியும் சொல்லுதாங்க அத்தை. ஈர்ப்புக் கணக்கே அவ்வளவு தூரத்துல வேற மாதிரி இருக்குமோன்னு பெரிய பெரிய ஆளுங்க வருசக்கணக்கா மோதிக்கிட்டிருக்காங்க. அதையும் பாக்கணும். நீங்க கேட்டதுதான் எதிர்க்கட்சி."

"எதிர்க்கட்சியா" என்றார் மதினி. அந்தப் பதவி அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. போயி அஞ்சு வருசம் தேடி, ஒண்ணும் கிடைக்கலைன்னா?"

நான் குறுக்கே விழுந்து, கிடைக்கும், கட்டாயம் கிடைக்கும், பரிசெல்லாம் கொடுப்பார்கள் என்று சொல்ல இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கிடைக்காமலும் போகலாம் அத்தை. இத்தனை பேரு தேடியும் இன்னும் கிடைக்கல. எங்கன இல்லைங்கிறதாவது தெரியும். அடுத்து வாரவங்க அங்கன தேட வேண்டாம்."

ஓட்டுக்கு மேலே தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் கையசைத்தார். அதன்பிறகு வந்த இரண்டு கோயில்களிலும் மதினி எதுவும் சொல்லவில்லை. பிரகாரம் சுற்றும்போது மட்டும் உதடு அசைந்துகொண்டிருந்தது. மந்திரம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், "தெரியுறது ஒண்ணு, தெரியாதது அஞ்சு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கடல் காற்று வந்தது. சின்னக் கோயில். சன்னதியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மதினி கூடையிலிருந்து இலைத்துண்டுகளை எடுத்து, புடவைத் தலைப்பால் மறைத்துப் பூவை வைத்து இரண்டு பொட்டலம் கட்டினார். குருக்கள் தட்டில் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். "மனசுல வேண்டிக்கிடுங்கோ" என்றார்.

மதினி மனசுக்குள் வேண்டவில்லை. மண்டியில் ஏலம் விடுகிற குரல் அவருக்கு. அந்தக் குரலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, மேல நட்சத்திரமெல்லாம் கூட்டம் கூட்டமாச் சுத்தி வருது. ஓரத்துல போறது பிய்ச்சுக்கிட்டு ஓடிரணும், அவ்வளவு வேகம். ஓடல. பிடிச்சு இழுக்க ஆள் இருக்கு. தெரியுறது ஒண்ணு, தெரியாதது அஞ்சு. அவங்க மேல வெளிச்சம் படாது, கை வச்சாக் கை உள்ள போயிரும். ஆனா இழுவை இருக்கு, கணக்குப் பாத்தாச்சு. அவங்க யாருன்னு இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எம் மருமவ அதைத்தான் தேடப் போறா. கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஒருவேளை ஆளே இல்லாம, கணக்குத்தான் தப்போ என்னவோ, அதையும் பாப்பா..."

மணி அடிக்கப் போனவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். குருக்கள் கையில் தீபத் தட்டோடு வெளியே வந்தார்.

"மாமி, அது கோயிலுக்குள்ளயும் இருக்குமோ?"

"உமக்கும் எனக்கும் நடுவுலயும் இருக்கு. இப்பவும் போய்க்கிட்டிருக்கு."

குருக்கள் தன்னையறியாமல் கொஞ்சம் விலகி நின்றார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், கைப்பையை அக்குளில் இடுக்கியபடி, "அதைக் கண்டுபிடிச்சு நமக்கு என்னம்மா ஆகப்போகுது?" என்று கேட்டார். என் ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிற கேள்வி. நான் இதற்குக் காந்தம், கைப்பேசி, ஸ்கேன் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பதில் சொல்வேன். கேட்டவர் பாதியில் போயிருப்பார்.

மதினி திரும்பினார். "அண்ணாச்சி, உம்ம வீட்டுல ஆறு பேரு இருக்கான். ஒருத்தனைத்தான் உமக்குத் தெரியும். மத்த அஞ்சு பேரு யாருன்னு கேக்க மாட்டீரா?"

பெரியவர் யோசித்தார். "கேப்பேன்" என்றார்.

அதற்குமேல் அது சன்னதியாக இல்லை. ஒரு பெண் சனிக்கிரகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டாள். சனியும் அந்த ஒருத்தரில் அடக்கம் என்றார் மதினி. ஒருவர் அந்த ஆட்கள் பழைய ஆட்களா, புது ஆட்களா என்று கேட்டார். ஆதியிலிருந்தே இருக்கிறவர்கள், நமக்கெல்லாம் மூத்தவர்கள் என்றார். தேரையும் ஓட்டு வீட்டையும் சேர்த்து முதலிலிருந்து ஒருமுறை சொன்னார். ஓரிடத்தில் நட்சத்திரத்தின் தூரத்தைத் தாறுமாறாகச் சொல்லிவிட்டார். திருத்துவதற்காக நான் வாயெடுத்தேன். மருமகள் என் கையில் கிள்ளினாள்.

கடைசியில் குருக்கள்தான், "மாமி, நடை சாத்தணும், நேரமாயிட்டு" என்று கெஞ்சினார். தீபாராதனை காட்டினார், திரை விழுந்தது. எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். கொடிமரத்துப் பக்கம் வந்த பிறகுதான் என் அக்காள் நின்றாள்.

"மதினி, பூ எடுக்கவே இல்லையே."

எல்லோரும் நின்றோம். பொட்டலம் இரண்டும் கட்டு அவிழாமல் உள்ளே சாமி காலடியில் இருந்தன. குருக்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்கட்டுமா என்பதுபோலப் பார்த்தார். அத்தான் மதினியைப் பார்த்தார். நான் என் மருமகளைப் பார்க்கத் துணியவில்லை.

மதினி நெற்றித் திருநீற்றைச் சரிசெய்துகொண்டார்.

"சவம், பேச்சு மும்முரத்துல மறந்துட்டேன்" என்றார். பிறகு, "சாமி செஞ்சு வச்சதைத்தான தேடப் போறா. அதுக்கு அவருகிட்டயே உத்தரவு வாங்கணுமாக்கும்? ஏய்யா, அந்தப் பூவை அவரு தலையிலயே போட்டிரும்" என்றார். கடைசி வாக்கியம் குருக்களுக்கு. அடுத்தது மருமகளுக்கு: "ஏட்டி, என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கே? போனை எடு."

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. பிரபஞ்சத்தின் எல்லைவரை பேசியாகிவிட்டது, கோயில் வாசலில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் எல்லோரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் பறந்தார். சார்பியலுக்கு ஏதாவது நியாயம் செய்ய நினைத்தார் போலிருக்கிறது. ரோட்டோரம் ஒரு டீக்கடை முன்னால் கோடு வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். 'உறுதி செய்யப்பட்டது' என்ற பொருளில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அத்தான் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். மதினி டீக்கடைக்காரரிடம் எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் அவரிடமும் தேர்க் கதையை ஆரம்பித்துவிட்டார்.

மருமகள் இப்போது வடக்கே இருக்கிறாள். இருட்டுப் பொருள் இன்னும் அகப்படவில்லை. ஏரலில் மண்டிக்கு வாழைத்தார் கொண்டுவருகிற விவசாயிகளிடம் மதினி, "இன்னும் கிடைக்கல" என்று ஏதோ பெரிய பதவி உயர்வைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்கிறார். ராதாபுரத்து வாத்தியாருக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, பத்திரிகை எங்களுக்கும் வந்தது. நான் இன்னும் நூலகங்களில் பேசுகிறேன், போர்வையை மட்டும் விட்டுவிட்டேன். பேசி முடித்ததும் கைதட்டலுக்கு முன்னால் இப்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறேன்: யாராவது ஒருவரை எழுப்பி, நான் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லச் சொல்கிறேன். அவர் தன் வார்த்தையில் தப்பும் தவறுமாகச் சொல்லத் தொடங்கி, நடுவில் என்னை மறந்துவிட்டுத் தானே குரலை உயர்த்துகிற அந்த நொடியில்தான், பல வருடம் படித்தும் எனக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அந்த அறையில் நடந்துவிட்டதாகத் தோன்றி இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.